நாற்பத்தொன்றாவது மரம்

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டையில்தான் கோளாறு. அது உனக்குப் பழைய செய்தி.

எங்கள் டாக்டரம்மா தெருமரங்களுக்கு வரும் நோயை ஆராய்கிறவர். நான் மரத்தில் துளைபோட்டுப் பென்சில் அளவு கட்டை எடுத்துக் கொடுக்கிறவன். அடுத்த மரத்தைத் தொடுமுன் கருவியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் நோயை நாமே சுமந்துபோய்க் கொடுத்துவிடுவோம்.

திங்கட்கிழமை பார்த்த நாற்பதாவது மரம் நோயாளி. நாற்பத்தொன்றாவது, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நல்ல மரம். நான் மதியம் சாப்பிடுவது அதன் நிழலில்தான். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பாப்பா குரல்போலவே ஒன்று கேட்டது. துடைக்காமல் துளைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மறந்துட்டேம்மா. என் தலையிலயும் ஒரு துளை போட்டுப் பாருங்க, உள்ள காலியாத்தான் இருக்கும்." அவர் சிரிக்கவில்லை. "உடனே சொன்னீங்களே, அது போதும். புதுத் துளிர் வரட்டும். வாடலைன்னா தப்பிச்சுது. வாடினா வெட்டித்தான் ஆகணும்" என்றார்.

துளிர் வர இரண்டு மாதம் ஆகும். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னேன் அல்லவா? லீவைத் தள்ளிவைக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா போய்வரத்தான் சொன்னார். எனக்குத்தான் கால் வரவில்லை. தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடக் காவலாளி, "என்ன சார், பட்டம் மாட்டிக்கிச்சா?" என்கிறார். திட்டாதே. பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

ஒரு உதவி. துடைக்கும் துணி இங்கே மூட்டையாகக் கிடக்கிறது. இருந்தாலும் உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. அது கையிலிருந்தால் மறக்கமாட்டேன். துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் மறதிக்காரன்