பக்கத்து அடுப்பு

21 ஜூலை 2025, திங்கள்
ஃபேக்டரி வண்டிகளுக்கான புரோகிராமைத் தொடங்கினேன். பைத்தானில் ‘வண்டி’ என்று ஒரு தாய் வகுப்பு, அதாவது கிளாஸ். அதன் கீழ் ‘லோரி’, மோட்டார் சைக்கிளுக்கு ‘மோட்டார்’. வகுப்பின் பெயரிலேயே டேட்டாபேஸில் தானாக ஓர் அட்டவணை உருவாகும்படி எழுதிவிட்டேன். நான் கெட்டிக்காரிதான்.

22 ஜூலை
ஓடவில்லை.

24 ஜூலை
விமலா அண்ணி போன் செய்தார். ஆகஸ்ட் பத்து, கெர்லிங் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல். குடும்பத்துக்கு ஒரு பானை, அதுதான் அங்கே வழக்கம். “அம்மா தெவசம் முடிஞ்சு, அவங்க இல்லாத மொத பொங்கல். வந்து நம்ம பானையில அரிசி போடு ஷாமளா” என்றார். தனிப் பானைக்குக் கோயிலில் கடைசி வரிசையில் இடம் கேட்டுவிட்டேன் என்றேன்.

அம்மா போனதும் அண்ணன் செரண்டாவுக்கு, தன் வீட்டுக்கே வரச் சொன்னார். நான் ரவாங்கில் தனியாக வீடு எடுத்தேன். “அப்ப நாங்க யாரு ஒனக்கு?” என்றார். அதோடு பேச்சு நின்றது. தனியாக இருக்க ஆசைப்பட்டால் உறவே வேண்டாம் என்று அர்த்தமா? எனக்குப் புரியவில்லை.

28 ஜூலை
அதே பிழை. வண்டிக்கும் லோரிக்கும் என்ன உறவு என்று தெரியவில்லையாம். பக்கத்து மேசை நித்தியா எட்டிப் பார்த்தாள். “அம்மாவுக்கு டேபள் இருக்கான்னு மொதல்ல கேளு லா. இருந்தா பிள்ளைக்குப் புதுசு போடாத.” அதைக் கேட்கத்தான் has_inherited_table என்ற ஃபங்ஷன் இருக்கிறதாம்.

பிள்ளைக்குத் தனியாக வேண்டுமென்றால் என்று கேட்டேன்.

“தாராளமா. ஆனா அதுவே தன் பேரச் சொல்லணும். அம்மாவோட ஐடியையும் கூடவே வச்சிருக்கணும்.”

மோட்டார், அம்மா அட்டவணையிலேயே இருந்துகொண்டது. லோரிக்குத் தனி, வண்டியின் ஐடியோடு. ஓடியது.

3 ஆகஸ்ட்
என் முதல் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. அண்ணன் ரவாங்கில் பழசாக வாங்கியது. அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மழை. அண்ணன் தன் ரெயின்கோட்டைக் கழற்றி மானிட்டருக்குப் போட்டார். வீட்டில் அம்மா துண்டோடு ஓடிவந்து முதலில் மானிட்டரைத்தான் துடைத்தாள். அன்று மூவரும் சிரித்த சிரிப்பு! இப்போது அதைச் சொல்லிச் சிரிக்க அவர் ஒருவர்தான் பாக்கி.

10 ஆகஸ்ட், ஞாயிறு
புதுப் பானையோடு கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசையில் என் இடத்தில் வேறு யாரோ. ஆத்திரமாக வந்தது. அண்ணன் தன் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அதை ஒட்டி இன்னும் மூன்று கல், காலியாக.

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றார், நிமிராமல். “தனிப் பானைதான வேணும்? இங்க வை.”

வைத்தேன். பையில் தீப்பெட்டி இருந்தது. எடுக்கவில்லை.

“நெருப்பு குடுங்கண்ணே” என்றேன்.