பூச்சி என்று சொல்லிவிட்டேன்

18 அக்டோபர் 1936, வளப்பூர் நாடு

மழை. மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்த சீப்பை எடுக்கக் கையை விட்டேன். விரலில் சுருக்கென்று ஏதோ கடித்தது. "அத்தை, பூச்சி கடிச்சிருச்சு!" என்று அலறினேன். மாமியார் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

திருச்சியில் வளர்ந்தவளுக்குப் பூச்சி என்றால் பூச்சிதான். இந்த மலையில் பாம்பின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அதைத்தான் பூச்சி என்பார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மறந்து தொலைத்தேன்.

மூட்டையை நகர்த்தியபோது எலி ஓடியது. பார்த்தவள் நான் மட்டும்.

19 அக்டோபர்

மந்திரிக்கிற சின்னுசாமி வந்து மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். தீபாவளி அமாவாசையன்று அவரே அவிழ்க்கும்வரை உப்பு கூடாது, ஓடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விஷம் தலைக்கு ஏறுமாம்.

"எலிதான் அத்தை. கண்ணால பார்த்தேன்."

"எலின்னா ஊதி ஊதியில்ல கடிக்கும்? வலியே தெரியாது. நீ போட்ட சத்தத்துல பலாமரத்துக் காக்காயெல்லாம் பறந்துருச்சு. எலியாமா, எலி!"



சோப்புப் போட்டுக் கழுவினேன். மந்திரித்த கையைக் கழுவலாமா என்று அதற்கும் திட்டு.

22 அக்டோபர்

உப்பில்லாத சாமைக் கஞ்சி. மழை.

27 அக்டோபர்

புண் ஆறிவிட்டது. கயிற்றுக்குப் பெருமை.

அப்பா அனுப்பிய பத்திரிகையில் முன்பு படித்திருக்கிறேன்: எலி கடித்த புண் ஆறிய பிறகும் சில சமயம் மறுபடி வீங்கும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், டாக்டரிடம் போகவேண்டும். இப்போதே அடிவாரத்துக்குப் போய்க் காட்டலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அமாவாசை வரைக்கும் பொறேன்" என்றார். அத்தை சிரித்தார். "கடிச்சிட்டு ஊருக்குப் போன எலி திரும்பி வருமாக்கும்?"

2 நவம்பர்

விரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருக்கிறது. குளிர், காய்ச்சல். வந்தேவிட்டது.

7 நவம்பர்

இரண்டு நாள் விட்டிருந்த காய்ச்சல் மறுபடி. மூட்டைகளுக்கு நடுவே கிடக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது — யாரும் பூட்டவில்லை. ஒரு கயிறு போதுமாக இருக்கிறது. அறுத்து எறிந்துவிட்டுப் போனால்? ஓடைவரைகூடக் கால் தாங்காது.

நான் செத்தாலும் பாம்பு கடித்துச் செத்தாள் என்றுதான் சொல்லுவாங்க. எலிங்க! எத்தனை தடவைதான் சொல்றது?

8 நவம்பர்

காலையில் அத்தை என் விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நீ சொன்னாப்லயே திரும்பி வந்துருச்சே கண்ணு." பிறகு வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு சத்தம்: "டேய் அர்த்தனாரி! ஆளக் கூப்புடு. டோலி கட்டு!"

"ஓடையத் தாண்டக் கூடாதுன்னு நீதானேம்மா..."

"அவ எங்கடா தாண்டறா? தூக்கிட்டுப் போற நீதான் தாண்டற. அவ கால் தண்ணில பட்டாத்தானே?"

இதை எழுதும்போதே வெளியே மூங்கில் வெட்டும் சத்தம்.

14 நவம்பர், அடிவாரத்து ஆஸ்பத்திரி

ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. புதிதாக வந்த நர்ஸ் என்ன கடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொன்னார்: "எலிங்க. ஊதத் தெரியாத எலி."

இன்று அமாவாசை. சின்னுசாமி மலைமேல் இருக்கிறார். அத்தை கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கி வைத்தார். பிறகு என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீங்கிய மணிக்கட்டில் பதிந்திருந்த கயிற்றை ஊதி ஊதிப் பல்லால் கடித்து அறுத்தார்.

வலிக்கவே இல்லை.