முதுகு காட்டும் காட்சி

மார்ச் 4

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

நலம்தானே? படம் எடுத்தால்தான் அண்ணனுக்கு உன் ஞாபகம் வரும் என்று அம்மாவிடம் குத்திக்காட்டினாயாம். திட்டிக்கொள், ஆனால் வந்துவிடு. கதாநாயகிக்கு நம் மொழி வராது. நீதான் குரல் கொடுக்க வேண்டும்.

வேற்று இனத்துக் கறுப்பன் ஒருவனை நேசிக்கும் பெண்ணின் கதை. தோல் பார்த்து ஆளை எடைபோடும் சனத்துக்குச் சாட்டையடி. உன் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனானே, அந்த வலி குரலில் வந்தால் போதும். காதலனை மாமா விரட்டுகிறார், அண்ணன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் அவள் அவனை மன்னிக்கிறாள்: "உன் மேல தப்பே இல்லண்ணா."

நான் வெளிநாட்டு விழாவுக்குப் போகிறேன். ஒலிப்பதிவாளர் பார்த்துக்கொள்வார்.

உன் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பேசி முடித்துவிட்டேன். கறுப்பராக நடிக்க ஒரு கறுப்பர் கிடைக்கவில்லையா? சிவந்த நடிகருக்கு மை பூசியிருக்கிறாய். அணைக்கும்போது அது அவள் கன்னத்தில் ஒட்டுகிறது.

அவன் கழுத்தில் அவள் முகம் புதைக்கும் காட்சியையும் பார்த்தேன். நான் அப்படி நின்றதற்குத்தானே என்னை அறைந்தாய்? இப்போது அதையே மெதுவாக ஓட்டி, பின்னால் வயலினும் வாசிக்க வைத்திருக்கிறாய். நாங்கள் செய்தால் மானக்கேடு, நீ எடுத்தால் கலை.

கடைசிக் காட்சியில் அவள் முதுகு காட்டி நிற்பது வசதியாகப் போயிற்று. உதட்டைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, மனம்விட்டுப் பேசினேன். படம் வெளியாகும் அன்று முதல் காட்சிக்கு அம்மாவை மறக்காமல் அழைத்துப் போ.

உன் வாயாடி

ஏப்ரல் 12

அடிப்பாவி,

அரங்கம் நிறைந்த கூட்டத்தில் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாயே. மன்னிப்பு வர வேண்டிய இடத்தில், "'நீ உள்ள வந்தா சுவரெல்லாம் கரியாயிடும்'னு அவர விரட்டினது மாமா இல்லண்ணா, நீதான்" என்று உன் குரல் கேட்டது. அம்மா எழுந்து போய்விட்டார். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்தான் மாற்றச் சொன்னேன் என்று ஒலிப்பதிவாளர் நினைத்தாராம். பத்திரிகைகள் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகின்றன. தயாரிப்பாளர் அதைத் தொடவிட மாட்டேன் என்கிறார். உனக்கு யார் சொன்னது? எல்லாம் கதைதான் என்று அம்மாவுக்கு எழுது. உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 20

இயக்குநர் அவர்களுக்கு,

யாரும் சொல்லவில்லை, உங்கள் படம்தான் சொன்னது. அம்மாவின் பழுதான வானொலியைச் சரிசெய்து கொண்டுவந்தவர், அதை வாசலில் போட்டுவிட்டுக் கோழைபோல ஓடிவிட்டார் என்றீர்கள். நம்பினேன். இத்தனை வருடம் அவரைச் சபித்தேன்.

படத்தில் அதே வாசல், அதே வானொலி. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவனிடம் மாமா அந்த வார்த்தையைச் சொல்கிறார். நமக்கு மாமா ஏது? அன்று வீட்டில் இருந்தது நீங்கள் மட்டும்தான். நல்ல காட்சி என்று விட மனம் வரவில்லை, இல்லையா?

அம்மாவுக்கு எழுதிவிட்டேன், கதையில்லை என்று. படம் ஓடுகிற ஊரிலெல்லாம் அந்த வரி உங்களைத் துரத்தட்டும். எனக்கு வயிறு குளிரும்.

அடுத்த படத்துக்கு வேறு குரல் தேடிக்கொள்ளுங்கள். வேறு தங்கையும்.

இப்படிக்கு,
குரல் கொடுத்தவள்