வலது றெக்கை

28/9 ஞாயிறு

தூறல். துணி மூணு நாளா காயல. வீடு பூரா ஈர நாத்தம்.

றெக்கையில இடது பாதி முடிஞ்சுது. பொண்ணு பெங்களூர்ல இருந்து அப்பாவுக்குன்னு அனுப்பின ரிமோட் பிளேன், நாலு மாசம் கட்டிலுக்கடியில கிடந்தது. பெட்டி நிறைய பால்சா மரக்குச்சி. ஊதினா பறக்கும், அவ்ளோ லேசு. ஒரு பக்க றெக்கைக்குப் பன்னெண்டு ரிப்பு. ரிப்புன்னா விலா எலும்பாட்டம் குறுக்குக்கட்டை. ப்ளான் பேப்பரை தெர்மாகோல்மேல விரிச்சு, கோட்டுமேலயே ஒவ்வொண்ணா குண்டூசியால நிறுத்தி ஒட்டணும். ஒட்டறது நான். சாஞ்சுக்கிட்டு அதிகாரம் பண்றது இவர்.

தை மாசம் பக்கவாதம் வந்ததுல இவருக்கு வலது கை விழுந்துடுச்சு. மோட்டார் காயில் கட்டின கை. பிசியோ பொண்ணு வர்றப்பல்லாம் கத்திட்டுப் போகுது: "இப்ப அசைக்கலைன்னா அப்புறம் வரவே வராது ஆன்ட்டி." இவர் காதுல ஏறினாத்தானே. ஸ்பாஞ்சு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னா சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறார். பிளேன் டப்பாவைத் திறந்தா மட்டும் எழுந்து உக்கார்றார். அதான் பேரம் பேசினேன். இருபது தரம் பந்தை அமுக்கினா ஒரு ரிப்பு ஒட்டுவேன். குழந்தைக்குச் சோறு ஊட்டற கதைதான். ஆனா நடக்குது.

வாங்கணும்: கம், குண்டூசி, பிரஷர் மாத்திரை, பொரி, பூசணிக்கா.

1/10 புதன். ஆயுத பூஜை

லீவுன்னு பேரு. காலைல அஞ்சுல இருந்து நின்ன கால் நின்னபடி. தை மாசத்துல இருந்து பூட்டிக் கிடக்கற இவர் மோட்டார் கடையைத் திறந்து பெருக்கி மாலை போட்டுட்டு வந்தேன். "ஒரு எட்டு வந்து பாருங்களேன்"னா, "எதுக்கு?"ன்னு ஒரே வார்த்தை.

வீட்டுல பூஜைக்கு வெச்சது: ஸ்பேனர் செட், மிக்ஸி, ஸ்கூட்டி சாவி, என் ஆபீஸ் பேனா, பால்சா அறுக்கற கத்தி, கம் டப்பா, ப்ளான் பேப்பர். எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். ப்ளானுக்கு மூலையில பெருசா ஒரு பொட்டு.

"பேப்பருக்கு எதுக்குடி பொட்டு?"

"வேலை செய்யறது எல்லாம் ஆயுதம்தான்."

உடனே இடது கையால ஸ்பாஞ்சு பந்தை எடுத்து சாமி முன்னாடி வெச்சுட்டார். "அப்போ இதுவும் ஆயுதம். இன்னைக்குத் தொடக்கூடாது." திருட்டு முழி. சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன்.

2/10 வியாழன்

விஜயதசமி. பூஜையைப் பிரிச்சு, வலது பாதி ஆரம்பிச்சேன். மூணு ரிப்பு. நடுவுல ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கம்மைக் கம்மியா வை."

3/10 வெள்ளி

ஆபீஸ்ல பௌர்ணமி டியூட்டி லிஸ்ட் வந்துடுச்சு. கிரிவலக் கூட்டத்துக்கு உதவி மையம். இந்த மாசமும் என் பேரு. "உங்களுக்கு வீடு பக்கம்தானே மேடம்." வேங்கிக்கால்ல வீடு இருந்தா இது ஒரு சாபம்.

ரிப்பு நாலு. முதுகு நிமிர மாட்டேங்குது.

5/10 ஞாயிறு

கடைசி ரிப்பும் ஒட்டியாச்சு. ரெண்டு பாதியையும் நடுவுல சேர்த்து வெச்சுப் பாத்தேன். ஒண்ணோட முன்பக்கம் வாசலைப் பாக்குது, இன்னொண்ணு அடுப்படியைப் பாக்குது. திருப்பி வெச்சேன். றெக்கையோட அடிப்பக்கம் மேல வந்துடுச்சு. ரெண்டுமே இடது.

ப்ளான்ல பொட்டைச் சுரண்டினேன். அடியில இங்கிலீஷ்ல பொடி எழுத்து. வலது றெக்கைக்குத் தாளைத் திருப்பிப் போடணுமாம். எண்ணெய் தடவினா கோடு பின்பக்கம் தெரியுமாம். என் பொட்டு சரியா அதுமேலயே.

இவரைப் பாத்தேன். மூஞ்சியில ஆச்சரியமே இல்ல.

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னார். பிளேனைக் கட்டி முடிச்சுட்டா பறக்கவிடணும்னு வருமாம். முன்னெல்லாம் கீழ்பென்னாத்தூர் ஏரியில சேர்ந்து பிளேன் விட்ட கூட்டாளிங்க வந்து நிப்பாங்களாம். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு அவனுங்க முன்னாடி என்னன்னு நிக்கறது?"

எனக்கு வந்துதே கோவம். நீங்க எழுந்து நடமாடணும்னு ஆபீஸ்ல இருந்து வந்து கண்ணு எரிய ஒட்டறேன். நீங்க இது முடியவே கூடாதுன்னு படுத்துக்கிட்டு வேடிக்கை பாத்தீங்களா? நான் என்ன ஏமாளியா? எல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

6/10 திங்கள். பௌர்ணமி

பேச்சு வார்த்தை இல்ல. இட்லியை வெச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

டியூட்டி. "பாத்ரூம் எங்கம்மா?" "செங்கம் பஸ் எங்க நிக்கும்?" "செருப்பை இங்க விடலாமா?" இதே. ஜனம் மலையைப் பாத்துப் பாத்துக் கும்பிடுது. நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. நடந்தே வந்தேன். பந்து போட்ட இடத்துலயே கிடக்குது. எக்கேடோ கெடட்டும்.

7/10 செவ்வாய்

வெயில். ஒரு வழியா.

ஆபீஸ் விட்டு வந்தா வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசனை. பெட்ஷீட்ல, தலகாணியில, இவர் வேட்டியில. கட்டில்மேல தெர்மாகோல். ப்ளானைத் திருப்பிப் போட்டு எண்ணெய் தடவியிருக்கார். தப்பு றெக்கைமேல ஈரத்துணி போட்டு ஊற வெச்சு, மூணு ரிப்பு கழட்டியிருக்கார். ரெண்டு உடைஞ்சுது. ஒண்ணு மட்டும் கோட்டுமேல சாஞ்சாப்ல நிக்குது. சுத்தி அஞ்சு குண்டூசி. வலது கட்டைவிரல்ல குத்தின புள்ளி.

"பாத்துச் சொல்லு, இது வலதுதானே?"

முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பாத்தேன். "வலதுதான்"னேன்.

"ரிமோட்ல ரெண்டு குச்சி இருக்கும். இடது நான் பாத்துக்கறேன். வலது குச்சியை நீ பிடிக்கறியா? என் கை வர்ற வரைக்கும்."

என் கை வர்ற வரைக்கும். இவர் வாயில இருந்து இது வர்றது இதான் முதல் தடவை.

எனக்கு இன்னொரு வேலையான்னு கத்தினேன். கத்திக்கிட்டே பெட்ஷீட்டை உருவி ஊறப் போட்டேன். அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்து, வலது குச்சி எதுக்குன்னு கேட்டேன்.