பாப்பாவின் கைக்கட்டை அவிழ்த்துவிடுங்கள்

செமிலிங் தோட்டம், 1943

அன்புள்ள அத்தானுக்கு அக்னஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். பண்டார் பாருவில் நீங்களும் நம் பாப்பாவும் சுகமா? அவள் இருமல் நின்றதா?

பாப்பா இடது கையால் சாப்பிடுவதால் அந்தக் கையைத் துணியால் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். அவிழ்த்துவிடுங்கள், அத்தான். இந்த ஆயாக்கொட்டகையில் நான் பார்த்துக்கொள்ளும் இரண்டு வயதுப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கை ஒரு நாள் வலது கையால் எடுக்கிறார்கள், மறுநாள் இடது கையால். நாலு வயது வாக்கில்தான் ஒரு கை நிலைக்கிறது. சிலருக்கு அது இடது கைதான்.

நேற்று ஜப்பான்காரத் துரை ஒருவர் வந்து பிள்ளைகளுக்கு சல்யூட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கொட்டகைப் பிள்ளைகளில் பெரியவளான வள்ளியம்மை இடது கையால் அடித்தாள். அறை விழுமோ என்று பயந்து நான் குறுக்கே ஓடினேன்.

"சின்னப் புள்ளலா, துவான்! அதுக்கு அந்தக் கைதான் வரும்!"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தானும் இடது கையால் அவளுக்கு சல்யூட் அடித்துச் சிரித்தார். கொட்டகையே சிரித்தது. கவலைப்படாதீர்கள்.

சவுக்காரம் கிடைத்தால் ஒரு துண்டு அனுப்புங்கள். பாப்பாவுக்கு முன்னால் ஒரு பென்சிலை வையுங்கள். எந்தக் கையால் எடுத்தாலும் சரி, ஒரு காகிதம் நிறையக் கிறுக்கவிட்டு அதையும் அனுப்புங்கள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கடிதத்தைக் கொண்டுபோகும் லாரிக்காரர் கூப்பிடுகிறார்.

உங்கள்
அக்னஸ்