இட்லிப்பூவும் உன் மரக்காளானும்

அடியே, நேற்றைய மழைக்கு என் வீட்டுக் கொல்லையில், பட்டுப்போன மாமரத்தின் அடிக்கட்டையில் ஆரஞ்சு நிறக் காளான் முளைத்திருக்கிறது. பெருக்க வந்த கன்னியம்மா, "இன்னாம்மா இது, கட்டை மேல பூ பூத்துகீது!" என்று கூவினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. என்னைச் சிரிக்க வைப்பதை மட்டும் நீ விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நம் மயிலாப்பூர் கல்லூரியில் நடந்த கண்காட்சி. பூச்செடியையும் மரக்காளானையும் ஒப்பிட்டு விளக்க நம் இருவருக்கும் ஒரே மேசை. பூச்செடி எனக்கு என்று முந்திக்கொண்டு இட்லிப்பூவைக் கொத்துக்கொத்தாக ஜாடியில் வைத்தேன். "எடுத்துக்கோடி அந்த அழகியை" என்ற நீ, உங்கள் மரக்கடையிலிருந்து இதே காளான் பிடித்த மாங்கட்டை ஒன்றோடு ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாய். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவைக் கேட்டாயா என்றால், "கேட்டா குடுப்பாரா?" என்றாய்.

அந்த வருடத்தோடு உன் படிப்பை நிறுத்துவதாக அத்தா சொல்லியிருந்தார். நீ அழுது பார்த்தும் பலிக்கவில்லை. அவரே அன்று கண்காட்சிக்கு வந்துவிட்டார். கட்டையைக் கண்டதும் முகம் சிவந்தது.

"என் மரத்தைத் தின்ன பீடை! இதையா மேசை போட்டு வச்சிருக்கே?"

நீ அசரவில்லை.

"அந்தச் செடி இலையில தன் சோத்தைத் தானே ஆக்கிக்குது, அத்தா. இதுக்குப் பச்சையில்லே, ஆக்கத் தெரியாது. செத்த மரத்தைத் தின்னு மண்ணாக்கும். அந்த மண்ணுல செடி வேர் விடும்."

"தின்னட்டும். என் மரந்தானா கெடச்சுது?"

"தண்ணி தேங்குற எடத்துல மரத்தை அடுக்கி நீங்கதானே விருந்துக்குக் கூப்பிட்டீங்க? கீழே செங்கல் வச்சுக் காத்துப் போக விடுங்க, வராது."

நீ தொலைந்தாய் என்றே நினைத்தேன். அவர் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "முப்பது வருசமா மரம் விக்கிறேன், ஒருத்தனும் சொல்லலியே! சரி, படிச்சு முடி." நீ என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் இரண்டு நாள் தோள் வலித்தது.

சாயங்காலத்துக்குள் என் பூவெல்லாம் மேசையில் உதிர்ந்து கிடந்தது. "உன் அழகிக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று என்னை வாரியபடி, காளானில் ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் திணித்தாய். வாடாமல் மிஞ்சிய ஒரே கொத்தை நான் உன் சடையில் செருகினேன்.

அந்தத் துண்டு இன்னும் என் தையல் பெட்டியில் கிடக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சற்றுமுன் கன்னியம்மா கத்தியோடு வந்தாள். "சொரண்டிடட்டாம்மா?"

"கை வைக்காதே. என் சிநேகிதியைப் படிக்க வச்ச பூ அது" என்றேன்.

அவள் விழித்த விழியைப் பார்க்க நீ இல்லையேடி.