இரண்டு பாத்தி அரைக்கீரை

12.6.2006, திங்கள்
இன்று அரைக்கீரை விதைத்தேன். இரண்டு பாத்தி. கிணற்றுப் பக்கம் உள்ளதற்கு யூரியா, வேலிப் பக்கம் உள்ளதற்கு ஆட்டு எரு. விதை, தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், உரம் மட்டும்தான் வேறு என்று ஹர்ஷினி அக்கா சொன்னார். அவர் விருதுநகரில் அம்மா கீரை கொடுக்கும் மிளகாய் மண்டிக்காரர் வீட்டுப் பெண். காலேஜில் பெரிய படிப்பு. இந்தக் கீரைதான் அவருக்குப் பரீட்சையாம்.

உடம்பு உள்ளுக்குள் கெட்டுப்போகாமல் காக்கிற சத்து இலையில் எவ்வளவு இருக்கிறது என்று மெஷினில் பார்ப்பார்களாம். "யூரியா போட்டா இலை சீக்கிரம் பெருசாகும் பொன்மணி. சத்து கூடுமா, குறையுமா? அதத்தான் நாம பாக்கப் போறோம்."

எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் 'நாம' என்கிறார்.

18.6.2006
முளைத்துவிட்டது. இரண்டிலும்.

2.7.2006, ஞாயிறு
கிணற்றுப் பக்கம் ஒரு சாண். வேலிப் பக்கம் அதில் பாதிதான், இலை மட்டும் கரும்பச்சை. "ஒண்ணு பண்ணையார் வீட்டுப் பிள்ள, ஒண்ணு நம்ம வீட்டுப் பிள்ள" என்று அம்மா சிரித்தாள்.

அக்கா வந்தார். எந்தத் தேதி எத்தனை குடம் ஊற்றினேன் என்று நான் குறித்ததையெல்லாம் படித்தார். காலேஜ் தோட்டத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். அவருக்குப் பாடம் எடுக்கும் ஞானசுந்தரி மேடத்திடம் எனக்காகக் கேட்கிறாராம். ஆடியில் என்னைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்புவதாக அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது, "மண்டி வீட்டுப் பாப்பா சொல்லுது, பொறுத்துப் பாப்போம்" என்கிறாள்.

12.7.2006, புதன்
காலை ஆறு மணிக்கு அறுத்தேன். அறுத்ததும் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், வெயில் பட்டால் சத்து போய்விடும் – அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். அக்காவின் கார் மட்டும் வந்தது, பெட்டி வரவில்லை. "வழியில ஐஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

மதியம் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். கார் வெயிலில் நிற்கிறதாம். இரண்டு கட்டும் பின்சீட்டிலேயே வாடிக் கிடக்கிறதாம். அக்கா சாத்தூரில் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம்.

வேறு அறுத்துத் தரச் சொல்வார் என்று இருட்டும்வரை பார்த்தேன்.

24.7.2006, திங்கள்
மேடம் வந்தார். கூடவே அக்கா. வாடிய அந்த இரண்டு கட்டிலும் சத்து ஒரே அளவுதானாம், அதுவும் ரொம்பக் குறைவாம். ஏன் இப்படி என்று மேடம் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பாத்தியைப் பார்த்தாள்.

"எழுதப் படிக்கத் தெரியாத பிள்ள மேடம். உரத்த மாத்தி மாத்திப் போட்டுருக்கும்."

இந்த நோட்டு என் கையில்தான் இருந்தது.

"மாத்திட்டியாம்மா?" என்றார் மேடம். நான் தலையை ஆட்டினேனா? இல்லை, குனிந்தேனா? எதுவோ. "சரி, இனிமே கவனமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னா? நான் எழுதுனத அவளே படிச்சால்ல? காருல போட்டுட்டுப் போனது அவ. நான் என்ன செஞ்சேன் – எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவளுக்காக நானே பழிய ஏத்துருப்பேன்.

25.7.2006
"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கார்ல கெடந்ததச் சொல்ல வேண்டியதுதான?" என்று அம்மா ஏசினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் அவுக வீட்டுக்குத்தான் கீரை கொண்டுபோவணும்" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

30.7.2006, ஞாயிறு
கீரை மறுபடி தழைத்துவிட்டது. மேடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை அறுக்கணும் என்று சொல்ல அவள் வந்தாள், ஒன்றும் நடக்காததுபோல. "இந்தத் தடவை நல்லா வரட்டும், உன் வேலைக்கு நான் பேசுறேன்."

கேட்டுவிட்டேன். "கார்ல கெடந்தத மேடத்துட்ட சொல்லீட்டீகளாக்கா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நீதான் அன்னைக்கே ஒத்துக்கிட்டேல்ல."

4.8.2006, வெள்ளி
விடிந்ததும் இரண்டு பாத்தியையும் அறுத்தேன். ஒரே சாக்கில் கொட்டி, கையை விட்டு நன்றாகக் கலந்தேன். அம்மா பார்த்தாள். கட்டுக் கட்ட உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். பெட்டி நிறைய ஐஸ்.

"எது எந்தப் பாத்தி பொன்மணி?"

"தெரியலக்கா. மாத்திட்டேன்."

அவள் முகம் சிவந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. கார் திரும்பிப் போனது. வேலையும் அந்தக் காரோடு போனது. தெரிந்துதான் செய்தேன்.

14.8.2006, திங்கள்
தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஆறரைக்கே வந்துவிடுகிறது. லேபிள் ஒட்டும் வேலை. இனி அம்மாதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நேற்று இரண்டு பாத்திக்கும் யூரியா போட்டாளாம். கீரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுபோல வருகிறது என்றாள்.